லின் யுவானுக்கு ஒப்புக்கொடுத்த பூசையும் சீனக் கார்ட்டூன் பற்றிய என் தீர்ப்பும்

யேசு மரி சூசை துணை

தோர்ண்டன் ஹீத்,
வெள்ளிக்கிழமை

பங்குப் பத்திரிகை ஆசிரியர் மதிப்புக்குரிய பஸ்தியாம்பிள்ளை அண்ணை அவர்களுக்கு, பெர்னடெற் பணிவோடு எழுதிக்கொள்வது. உங்கள் முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததற்கு ஆண்டவருக்கு நன்றி. என் செபமாலையில் இடது காலுக்கென்று ஒரு பத்து மணி தனியாக வைத்திருக்கிறேன். வலது காலுக்கும் தேவையென்றால் அறியத் தரவும்.

பதின்ம வயதுப் பிள்ளைகள் பார்க்கத் தக்கவை, தகாதவை என்று நீங்கள் போடவிருக்கும் பட்டியலுக்காக, அந்தச் சீனக் கார்ட்டூன் தொடரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை என்னிடம் தந்தீர்கள். பத்தாம் வகுப்புத் தாண்டாத என்னை நம்பியதற்கு முதலில் நன்றி. இதில் என் வீட்டுக் காரியமும் ஒன்று தொங்குகிறது என்பதை மறைக்க மாட்டேன். என் கணவர் ஜெஸ்ரின், "பத்திரிகையில என்ன வருதோ அதுதான் இந்த வீட்டுச் சட்டம். கூடாதெண்டு வந்தால் அண்டைக்கே நிப்பாட்டிப்போடுவன்" என்று சொல்லிவிட்டார்.

கதை இதுதான். ஒரு சலவைக் கடை. வாடிக்கையாளர் தந்த உடுப்பை லின் யுவான் என்ற பத்தொன்பது வயதுப் பெடியன் போட்டுக்கொண்டால், அந்த உடுப்பு கடைசியாக உடுக்கப்பட்ட நாளுக்குப் போய்விடுவான். அங்கே நடந்த களவையோ கொலையையோ துப்பறிந்து, கொடியில் கிடக்கும் மற்றத் துணிகள் காய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். நான் முறையாகக் கொப்பி போட்டு, பொய், இரத்தம், முத்தம், தேவதூஷணம் என நான்கு நிரல் கீறித்தான் உட்கார்ந்தேன். முதல் நான்கு அங்கத்தில் பொய் முப்பத்தொன்று, இரத்தம் ஆறு, முத்தம் பூச்சியம். பொய்யில் இருபத்திரண்டு துப்பறிவதற்காகச் சொன்னது, ஆகவே பென்சிலால் மட்டும் போட்டிருக்கிறேன். தேவதூஷணம் இல்லை. ஆனால் ஒருவரும் சாப்பிடமுன் செபிக்கவில்லை என்பதை ஓரத்தில் குறித்திருக்கிறேன்.

இந்தக் கணக்கைத் தொடங்கமுன்னமே சிக்கல் எழுத்தில் வந்தது. பேச்சு சீனம், கீழே ஓடுவது ஆங்கிலம். என் ஆங்கிலம் பால் போத்தலிலும் பஸ் நிறுத்தப் பலகையிலும் எழுத்துக்கூட்டிப் பழகியது, அவை ஓடுவதில்லை. அதனால் மகள் அனோஜினியைக் கூப்பிட்டேன். அண்ணை, பதினான்கு வயதுப் பிள்ளை, ஒரு வருஷமாக என்னோடு கதைப்பது ஒரு 'ம்', பிறகு கதவு. அவள் வந்து பக்கத்தில் இருந்து, படத்தை நிப்பாட்டி நிப்பாட்டித் தமிழில் சொல்லத் தொடங்கினாள்.

"அம்மா, வெயிட். இப்ப அவர் பாஸ்ட்ல நிக்கிறார். அந்த அங்கிளுக்கு இவரைத் தெரியாது."

"பிறகேன் அங்கிள் சிரிக்கிறார்?"

"அதுதானே சஸ்பிஷஸ்."

பள்ளிக்கூடம் விட்டு வந்து தேத்தண்ணியோடு இருந்தால் ஆறு மணி வரை இப்படித்தான். இடையில் தன் வகுப்புக் கதையும் வரும். லின் யுவான் ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், என் முகத்தைப் பாராமலே, "என்ர பிரெண்ட் இப்ப என்னோட லஞ்சுக்கு இருக்கிறேல்ல" என்றாள். அன்று கொப்பியில் ஒன்றும் எழுத மறந்துபோனேன்.

ஒன்பதாம் அங்கத்தில் லின் யுவான் ஆற்றில் விழுந்து செத்துப்போனான். அனோஜினி அழுத அழுகையில் எனக்குச் சோறு வைக்கவும் மனம் வரவில்லை. ஒரு பிள்ளை செத்தால் நாங்கள் என்ன செய்வோமோ அதைத்தான் செய்தேன். ஞாயிறு பூசைக்கு அவன் பெயரை எழுதிக் கொடுத்தேன். பங்குச் சுவாமி, "பெர்னடெற் குடும்பத்தார் லின் யுவானின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று வாசித்ததும் கோயிலே எங்களைத் திரும்பிப் பார்த்தது. பூசை முடிய வாசலில் எங்கள் பங்கு றெஜினா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளையோட படிச்ச பெடியனோ?"

"இல்லையக்கா. ஆனா எந்தநாளும் எங்கட வீட்டில நிண்டவன்."

"என்ன வருத்தம்? காய்ச்சலோ?"

"ஆத்தில விழுந்தவன். ஆரோ தள்ளினதெண்டு அனோஜினி சொல்லுறாள்."

இதில் ஒன்றும் பொய்யில்லை, நிரலில் ஏற்றவில்லை. பின்னேரம் மூன்று வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. "ஆர் செத்தது?" என்று ஜெஸ்ரின் கேட்டார். "கார்ட்டூன், அப்பா" என்றாள் மகள். அவர் றெஜினா அக்காவின் கணவாய்க் கறியைத் திறந்து பார்த்துவிட்டு மேற்கொண்டு விசாரிக்கவில்லை. பிள்ளை வெட்கப்படுவாள் என்று நான் பயந்தேன். அவளோ, "அம்மா, உண்மையாவே அவருக்குப் பூசை குடுத்தனீங்களோ?" என்று கேட்டு, என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அதற்கு எந்த நிரலும் கீறியிருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, பத்தாம் அங்கத்தில், லின் யுவான் ஈரத் தலையோடு கடைக்குள் வந்து நின்றான். ஆற்றில் போனது கோட்டு மட்டும்தானாம். உயிரோடு இருப்பவனுக்கு மரித்தோர் பூசை கொடுத்துவிட்டோமே என்று பதறிச் சுவாமிக்குப் போன் எடுத்தேன். அவர் பெயரை இன்னொருமுறை கேட்டுவிட்டு, "செபம் வீண்போகாது, பிள்ளை. தேவையான ஆன்மாவுக்குப் போய்ச் சேரும்" என்றார். பாத்திரங்களைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது றெஜினா அக்காவிடம் நடந்ததை ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னை இருக்கச் சொல்லிவிட்டு, "அப்ப தள்ளினது ஆர்?" என்றார்.

ஆகவே என் தீர்ப்பு, பதின்ம வயதினர் இதைத் தாராளமாகப் பார்க்கலாம். தயவுசெய்து தக்கவை என்ற பக்கத்தில் போட்டுவிடுங்கள், அண்ணை. இன்னும் இரண்டு அங்கம் பாக்கியிருக்கிறது. உங்கள் வீட்டு அக்காவுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. மடுமாதா உங்கள் வீட்டு வாசலைவிட்டு அசையாமல் நிற்பாளாக.

இப்படிக்கு, நன்றி மறவாத,
பெர்னடெற் ஜெஸ்ரின்

பி.கு.: உறையை ஒட்டமுன் அனோஜினிக்கு வாசித்துக் காட்டினேன். தீர்ப்புப் பிழையாம். "டீனேஜர்ஸுக்குப் பிரச்சினை இல்லை, அம்மா. உங்களுக்குத்தான் ஏலாது. நான் இல்லாமப் பாத்தால் திரும்பவும் ஆருக்காவது பூசை குடுப்பியள்" என்கிறாள். யோசித்துப் பார்த்தால் சரிதான். எனவே மேலே எழுதிய எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, இந்த ஒரு வரியை மட்டும் போடவும்: தாய்மார் இத்தொடரைத் தங்கள் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மட்டுமே பார்க்க வேண்டும்.