தங்கள் மகள் செய்த அவசரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

அங்கே அனைவரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கேயும் சுகம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதுகிறேன், விஷயம் வேறு. தங்கள் மகள்மீது எனக்கு ஒரு புகார் இருக்கிறது.

சென்ற செவ்வாய் காலை பத்து மணிக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று வலது கை என் பேச்சைக் கேட்கவில்லை. பொத்தான்தான் சரியில்லை என்று வேறு சட்டை எடுத்தேன், அதிலும் அதே கதை. குடித்த காபி வாயோரமாக வழிந்து அந்தச் சட்டையும் போயிற்று. முப்பத்தோரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனுக்கு இதெல்லாம் ஒரு பழுதா? கையை உதறினேன், தேய்த்தேன், கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும் என்று கட்டிலுக்கு நடந்தேன். வலது கால் செருப்பு மட்டும் வழியிலேயே நின்றுவிட்டது. அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் மகள் ஓடி வந்தாள். சிரிக்கச் சொன்னாள். சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். நான் கேட்டது எனக்கே புரியவில்லை. இரண்டு கையையும் தூக்கச் சொன்னாள். ஒன்றுதான் வந்தது. அவ்வளவுதான், ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டாள். வாசலில் ஆம்புலன்ஸ் நின்றால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? என் மகனுக்குச் சொல்லி, அவன் ஆபீஸில் சொல்லிவிட்டு வந்து, நான் நல்ல சட்டை மாற்றிக்கொண்டு, நிதானமாகப் போகக் கூடாதா? எப்போது ஆரம்பித்தது என்று வந்தவர்கள் கேட்டதற்கு, "ஒன்பதே முக்காலுக்கு என்கூட நல்லாத்தான் சண்டை போட்டார், அதுக்கப்புறம்தான் இது," என்று குடும்ப விஷயத்தையெல்லாம் சொன்னாள்.

நாற்காலியில் உட்காரவைத்து லிஃப்டில் இறக்கினார்கள். எதிரே நான் ஒட்டிய அட்டை. கோளாறு ஏற்பட்டால் நீங்களே சரிசெய்ய முயலாதீர்கள், உடனே எங்களை அழையுங்கள் என்று என் கையாலேயே எழுதியது. "மாமா, இது நீங்க எழுதினதுதானே?" என்றாள். பதில் சொல்ல முடியாத நேரம் பார்த்துக் கேட்பது மரியாதையா? தாங்கள்தான் கண்டிக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புச் சம்பந்தி

பி.கு.: கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். என் கை இன்னும் பேனா பிடிக்கவில்லை. நான் சொல்லச் சொல்லத் தங்கள் மகள்தான் எழுதினாள், ஒரு வார்த்தை மாற்றாமல். வந்தது பக்கவாதம், தாமதித்திருந்தால் புகார் சொல்ல வாயே இருந்திருக்காது என்றார் டாக்டர். ஆகவே கண்டிக்க வேண்டாம். இந்த இடத்தில் அவள் பேனா நின்றுவிட்டது. பதறிப்போய்ச் சிரிக்கச் சொன்னேன், இரண்டு கையையும் தூக்கச் சொன்னேன். சிரித்தாள், தூக்கினாள். தங்கள் மகளுக்கு ஒன்றுமில்லை.