நடுவில் நிற்பவர்

சமாதானத்தை விரும்புகிறவர்கள் வேறு, சமாதானப் பிரியர் வேறு. முன்னவர்கள் சண்டை ஓய்ந்தால் போதும் என்று வீட்டில் இருப்பார்கள். பின்னவரோ, சண்டை ஓய்வதற்கு முன்னம் ஒரு கூட்டம் வைத்துவிட வேண்டுமே என்று மண்டபம் தேடி அலைவார். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சேட், யாரைக் கண்டாலும் இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கி, எதிராளி இழுத்தாலும் விடாத ஒரு பிடி. உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் அவருடைய பெயர் தம்பிராசா.

தம்பிராசா ஓய்வுபெற்ற நில அளவையாளர். உத்தியோக காலம் முழுவதும் வலிகாமத்துக் காணிகளுக்கு எல்லைக்கல் நட்டுவிட்டு, பென்சன் எடுத்த மறுநாளே மனிதருக்கிடையில் எல்லைகள் கூடாது என்று கண்டுபிடித்தவர். அவருடைய வீட்டு மதில் மட்டும் கொஞ்சம் உயரம். அது ஆடுகளுக்காக. பாக்குநீரிணை மக்கள் நட்புறவு மன்றத்தின் தாபகரும் தலைவரும் அவரே. ஆளில்லாத நாட்களில் அங்கத்தவரும் அவரே.

இந்த இனத்தை அடையாளம் காண ஒரு சுலபமான வழி உண்டு. ‘சண்டை’ என்ற சொல்லை அவர் முன்னால் சொல்லிப் பாருங்கள். பல்வலிக்காரன் ஐஸ் தண்ணீர் குடித்த மாதிரி முகம் போகும். “புரிந்துணர்வுக் குறைவு எண்டு சொல்லுங்கோ” என்பார். குருநகருக்குப் போய் நீக்கிலாஸைக் கூட்டத்துக்கு அழைத்தபோதும் அதுதான் நடந்தது. நீக்கிலாஸ் கடற்றொழில் செய்கிறவர். எல்லை தாண்டி வந்த இந்திய இழுவைப்படகுகள் அவருடைய வலையை இரண்டு தரம் அறுத்துக்கொண்டு போயிருந்தன.

“அறுத்தது எண்டு சொல்லாதேங்கோ தம்பி. இரண்டு சகோதரங்களின்ரை வலை சிக்குப்பட்டுப் போச்சுது எண்டு சொல்லுங்கோ.”

“சிக்குப்பட்டால் அவிழ்க்கலாம் ஐயா. இது துண்டு துண்டாய்க் கிடக்கு.”

தம்பிராசா அந்தப் பதிலை மிகவும் ரசித்தார். தலைமையுரையில் எங்கே சேர்க்கலாம் என்றும் யோசித்தார்.

கூட்டத்துக்கு ஓர் இந்தியர் வேண்டுமே? அவரை நல்லூர்க் கோயில் வீதியில் பிடித்தார். பிடித்தார் என்றால் கையைத்தான். கப்பலில் கும்பிட வந்த ஒரு குழுவோடு மடத்தில் தங்கியிருந்த முனியசாமி, இராமேஸ்வரத்தில் இழுவைப்படகு ஓட்டுகிறவர். வருகிறேன் என்று சொல்லும்வரை தம்பிராசா அந்தக் கையை விடவில்லை.

நீக்கிலாஸுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. புது வலையை, கூட்டத்துக்கு அடுத்த வாரம் கடலில் இறக்கப்போகிறார். இதுவும் போனால் இனிப் போட வலை இல்லை. “கூட்டம் உங்கடை விருப்பம் ஐயா. எனக்கு அந்த ஆளோடை ஐஞ்சு நிமிசம் கதைக்கவேணும்” என்றார்.

“அதுக்குத்தானே தம்பி கூட்டமே!” என்றார் தம்பிராசா. மனதாரத்தான் சொன்னார். நிகழ்ச்சி நிரலில் மங்கல விளக்கேற்றல் இருந்தது, அகவணக்கம் இருந்தது, வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வீணைக் கச்சேரி, பொன்னாடை போர்த்தல் எல்லாம் இருந்தன. கடைசியில், ‘மீனவர் கலந்துரையாடல், நேரம் இருப்பின்’ என்றும் இருந்தது.

சனசமூக நிலைய மண்டபத்தில், முன்வரிசையில், இரு நாட்டு மீனவர்களும் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் ஒருவரையொருவர் பாராமல் இருந்தார்கள். விளக்கு எரிந்தது. ஆசி கிடைத்தது. தம்பிராசா ஒலிவாங்கியைப் பிடித்தார். அதையும் இரண்டு கைகளாலும்தான். சங்க காலத்தில் தொடங்கி, கடல் பிரிக்கவில்லை இணைக்கிறது என்று சொல்லி, ஒரே தண்ணீரில் கால் நனைத்தவர்கள் நாம் என்று உருகி (அவர் கால் நனைத்துப் பல காலம், மீன் அவருடைய வீட்டு வாசல் படலைக்கே மோட்டார் சைக்கிளில் வருகிறது), சோழர் காலத்தை எட்டியபோது நிமிர்ந்து பார்த்தால், முன்வரிசையில் இரண்டு கதிரைகள் வெறுமை. யாருக்காகப் பேசுகிறோமோ அவர்களே இல்லையென்றால் எந்த மனிதனுக்குத்தான் நோகாது? ஆனாலும் சோழரைப் பாதியில் விட மனம் வரவில்லை. முடித்துவிட்டே இறங்கினார்.

மனைவி குணலட்சுமி வாசலில் நின்றார். “உங்கடை ஆக்கள் இரண்டு பேரும் பின்பக்கத் தேத்தண்ணிக் கடையிலை கத்துப்படுகினம்.”

கத்துப்பட்டார்கள்தான். முன்வரிசையில் ஒரே நேரத்தில் கொட்டாவி விட்டபோதுதான் அவர்கள் முதன்முதலாக ஒருவரையொருவர் பார்த்திருக்கிறார்கள். பிறகு ஒன்றாகவே எழுந்து வெளியே போய், ஆளுக்கொரு பிளேன்ரீ வாங்கிக்கொண்டு தொடங்கியிருக்கிறார்கள்.

“உங்கடை இழுவை மடி வலை அடியோடை அள்ளிக்கொண்டு போனால் நாங்கள் என்னத்தைத் தின்னுறது? மண்ணையே?”

“நாங்க மட்டும் மாடி வீட்லயா இருக்கோம்? ஓனர் போகச் சொன்னா போகணும்ண்ணே! நான் போகலைன்னா இன்னொருத்தன் போவான்!”

“ஓனரே கடல்லை நிக்கிறார்? சுக்கான் உன்ரை கையிலைதானே இருக்கு!”

முனியசாமி மிச்சத் தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். “சரிண்ணே. வலை போடுற அன்னைக்கு எந்தப் பக்கம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் அங்க வர மாட்டேன். கூட வர்ற படகுக்காரங்ககிட்டயும் நானே சொல்றேன். நம்பர் போட்டுக்கங்க. தொண்ணூத்தி நாலு…”

நீக்கிலாஸ் போனை எடுத்தார். இருவரும் இயந்திரச் சத்தத்துக்கு மேலாகக் கதைத்துப் பழகியவர்கள். தொலைபேசி எண்ணைக்கூடச் சண்டை போடுவது போலத்தான் சொல்ல வரும். மூச்சு வாங்க ஓடிவந்த தம்பிராசாவின் காதில் விழுந்தது அந்தச் சத்தம் மட்டுமே. பாய்ந்து நடுவில் நின்றார். ஒரு கையில் நீக்கிலாஸின் கை, மறுகையில் முனியசாமியின் கை.

“போதும் தம்பிமாரே, போதும்! சகோதரங்கள் நடுத்தெருவிலை நிண்டு இப்பிடிக் கத்தலாமோ?”

“நாங்கள் கதைச்சுக்கொண்டு…”

“ஒண்டும் கதைக்கவேண்டாம். எனக்கு எல்லாம் விளங்கும். போனை உள்ளை வையுங்கோ, இது மனங்கள் இணையிற நேரம்.”

அந்தப் பிடியிலிருந்து யாரும் தப்பியதில்லை என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே. இருவரும் மேடைக்கு வந்தார்கள். பொன்னாடை போர்த்தியாயிற்று. வலது கைகள் சேர்த்து வைக்கப்பட்டன. மேலே தம்பிராசாவின் இரண்டு கைகள். படம் எடுக்கப்பட்டபோது அவருடைய கண்கள் நிஜமாகவே கலங்கின. வாழ்நாளில் அவ்வளவு சந்தோசப்பட்ட நாள் அவருக்கு வேறில்லை. அதற்குள் கப்பலுக்கு நேரமாகி, காங்கேசன்துறைக்குப் போகிற வான் ஹோர்ன் அடித்தது. முனியசாமியை அள்ளி ஏற்றினார்கள். நீக்கிலாஸ் பின்னால் ஓடினார்.

“நம்பரை ஐயாகிட்ட வாங்கிக்கங்கண்ணே!” என்று முனியசாமி யன்னலால் கத்தினார்.

அன்றிரவு குணலட்சுமி, “அவையள் கதைச்சு முடிச்சிருப்பினமப்பா” என்றார்.

“அது கதையே? காது குடுக்கேலாமல் கிடந்தது” என்றார் தம்பிராசா.

அடுத்த கிழமை விடியற்காலையில் நீக்கிலாஸின் அழைப்பு வந்தது. “ஐயா, அந்த முனியசாமியின்ரை நம்பரைத் தாங்கோ. இண்டைக்கு வலை இறக்கவேணும்.”

தம்பிராசா யோசித்தார். ஊர் தெரியும், பெயர் தெரியும், கையின் சூடு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அன்று நம்பர் கேட்க அவருக்குத் தோன்றவேயில்லை. “நம்பர் இல்லைத் தம்பி. படம் இருக்கு. நல்ல தெளிவான படம். அனுப்பவோ?”

அனுப்பினார். மூன்றாம் நாள் நீக்கிலாஸும் ஒரு படம் அனுப்பினார். கரையில் குவித்துக் கிடந்த வலைத்துண்டுகள். தம்பிராசா அதை வெகுநேரம் பார்த்தார். உண்மையாகவே வேதனைப்பட்டார். பதிலுக்குக் கும்பிடு போட்ட கைச் சின்னம் ஒன்றைப் போனில் அனுப்பிவிட்டு, இரண்டாவது கூட்டத்துக்கு மண்டபம் கேட்க எழுந்து போனார்.

அவருடைய படம் இப்போதும் முகநூலில் சுற்றுகிறது. ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு கைகள், கீழே ‘கடல் பிரிக்கவில்லை’ என்ற வாசகம். இதயம் போட்டவர்கள் ஏராளம். அவர்களில் ஒருவராவது, ‘இவர்கள் இருவரும் என்ன கதைத்தார்கள்?’ என்று கேட்கவில்லை. நீங்கள் தம்பிராசாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லது. சிரித்து முடித்த பிறகு, அந்தப் படத்துக்குக் கீழே இதயம் போட்டவர்களின் பெயர்களை ஒருதரம் மெல்லத் தட்டிப் பாருங்கள்.