தராசுக் கங்காணி கழித்த கணக்கு

மாரடைப்புக்கு எத்தனை காரணங்கள் உண்டோ அத்தனையையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு, ஒன்றுகூடத் தனக்கில்லை என்று சாதித்தவர் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தராசுக் கங்காணி. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. லயத்து வரிசை வீடுகளில் எனக்குப் பக்கத்து வீடு. எனக்கும் சர்க்கரை, என்னிடம் காரும் உண்டு. ஆகவே மாதாமாதம் அவரை ரிங்லெட் டவுன் கிளினிக்குக்கு அழைத்துப் போவது என் தலையில் விழுந்தது.

வேலையில் இருந்தவரை கொழுந்து நிறுப்பார். கூடைக்கு இவ்வளவு, மழை ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்த பிறகுதான் எடை சொல்வார். கொழுந்து பறித்த பெண்கள் வாயார வைதார்கள். ஓய்வு பெற்றதும் கழிக்கக் கூடை இல்லையா, தன் உடம்பிலேயே ஆரம்பித்துவிட்டார்.

எடை பார்க்க ஏறினால் கைலிக்கும், காலையில் தின்ற ரொட்டி சானாய்க்கும் கழிக்கச் சொல்வார். ரத்த அழுத்தம் கூடியிருந்தால் நான் வளைவில் கார் ஓட்டிய லட்சணத்துக்குக் கழிவு. சர்க்கரைக்கு நேற்றைய கல்யாண விருந்து. சிகரெட்டில் பாதியை மலைக்காற்று குடித்துவிடுகிறதாம், அதனால் பாதிதான் கணக்கு.

அப்பாவும் அண்ணனும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டே போனவர்களாயிற்றே, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் இதயத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கெஞ்சினார்.

"அது அவங்க கணக்கு டாக்டர். என்னோடதுல சேக்காதீங்கலா."

திரும்பும் வழியில் டின் பால் மிதக்க தே தாரேக் டீ கேட்டு அடம்பிடித்தார். வாங்கிக் கொடுக்காததால் வீடு வரை பேசவில்லை.

போன மாதம் ஒரு காலை, பனி மூடிய குளிரில் என் வாசற்படியில் வேர்த்துக் கொட்ட உட்கார்ந்திருந்தார். வாயு என்றார். திட்டிக்கொண்டே காரில் ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில், வலி பத்துக்கு எவ்வளவு என்று டாக்டர் கேட்டார். ஐந்து என்பார், அதிலும் கழிப்பார் என்று காத்திருந்தேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"பத்து டாக்டர். கழிக்க ஒண்ணுமில்ல."

இந்த மனிதர் ஒருநாளாவது சரியான கணக்குச் சொல்லமாட்டாரா என்று எத்தனை தடவை நொந்திருப்பேன். அன்று சொன்னபோது என்னால் தாங்க முடியவில்லை.

அன்றே ஈப்போவுக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். நேற்று மறுபடி கிளினிக். எடை பார்த்த நர்ஸிடம், நெஞ்சுக்குள் வைத்த கம்பிக்குக் கழிக்கச் சொல்லி வம்பு. பின்னால் நின்றவர்கள் எல்லாரும் முறைத்தார்கள். எனக்கு மட்டும் அந்த மனிதரைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும்போல் இருந்தது.