ஜீப்புக்கு டின் கட்டியவர்

"இந்த ஒழுகலை நான் நிறுத்தலைன்னா என் பேரை மாத்திக்கிறேன்" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் சபதம் செய்தார் ஸ்பேனர். பேரை மாற்றிக்கொள்வதில் அவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. அப்பா அம்மா வைத்த பெயரைத் தெரு என்றைக்கோ மறந்துவிட்டது. பார்ப்பது இன்சூரன்ஸ் ஆபீசில் கிளார்க் வேலை. வீட்டுக்கு வந்துவிட்டால் கையில் ஒரு ஸ்பேனர். அதை வைத்து ஒரு தடவையாவது சரியான நட்டை முடுக்கினார் என்பதற்குத்தான் சாட்சி கிடையாது.

சபதத்துக்குக் காரணம் டைல்ஸ். கார் ஷெட்டுக்கு அவர் மனைவி ஆசை ஆசையாக வெள்ளை வெளேரென்று புது டைல்ஸ் போட்டிருந்தாள். ஸ்பேனரின் பழைய ஜீப் அதன் மேல் ஏறி நின்ற முதல் நாளே கறுப்பாக ஒரு பொட்டு வைத்துவிட்டது.

"என்னங்க, இனிமே இந்தத் தரையில ஒரு சொட்டு விழுந்தாலும் வண்டி வீட்ல இருக்காது. அடுத்த ஞாயித்துக்கிழமை தம்பி ஒரு ஆளைக் கூட்டிட்டு வரான். வாங்கிக்கிறேன்னு சொல்லியிருக்காராம்."

"ஏம்மா, கல்யாணமான புதுசுல கூரைகூட இல்லாம மழையில நனைஞ்சுக்கிட்டே போனோமே, அந்த வண்டிம்மா இது."

"அப்ப மேல ஒழுகிச்சு, பொறுத்துக்கிட்டேன். இப்பக் கீழயும் ஒழுகுது."

அந்த ஜீப் என்றால் ஸ்பேனருக்கு உயிர். மேடு பள்ளம், சேறு சகதி எதற்கும் அஞ்சாத வண்டி. சமதரையில் மட்டும் கொஞ்சம் தகராறு செய்யும். பிரேக் போட்டால் இடப்பக்கம் இழுக்கும். காலையில் ஸ்டார்ட் ஆவதற்கு முன் ஊரையே எழுப்பும். அதை இன்னொருவர் ஓட்டிக்கொண்டு போவதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்து ஜீப்புக்கு அடியில் விரித்தார். பச்சையாக விழுந்தால் ரேடியேட்டர், கெட்டியாக நாறினால் கியர்பாக்ஸ், கறுப்பாக விழுந்தால் இன்ஜின் என்று மனைவிக்குப் பாடம் எடுத்தார். விழுந்தது கறுப்பு. மல்லாந்து படுத்து, சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே இருந்த நட்டை மூச்சைப் பிடித்து முடுக்கினார். முன்பு ஓர் இடத்தில் சொட்டியது, இப்போது இரண்டு இடத்தில் சொட்டியது. எண்ணெயில் குளித்து எழுந்தவருக்கு ஞானம் பிறந்தது. ஒழுகலை நிறுத்தினால்தான் உண்டா? தரையில் விழாமல் இருந்தால் போதாதா?

காலி பிஸ்கட் டின் ஒன்றைக் கம்பியால் இன்ஜினுக்கு அடியில் கட்டினார். குனிந்து பார்த்தாலொழியத் தெரியாது. விடியற்காலையில் எழுந்து டின்னைக் காலி செய்துவிட்டால் விஷயம் முடிந்தது. வழக்கமாகச் சூரியன் வந்து சுட்டால்தான் எழுந்திருக்கிற மனிதர், மறுநாள் கோழி கூவுமுன் எழுந்தார். டின்னில் இருந்ததை மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்த பழைய ஆயில் கேனில் ஊற்றிவிட்டுத் திரும்பினால், எதிரே மனைவி.

"இந்நேரத்துல எங்க கிளம்பிட்டீங்க?"

"பா... பால் வாங்க."

"அட. போய்ட்டு வாங்க."

அடுத்த நாளும் பிடிபட்டார். பக்கத்தில் துடைப்பம் இருந்ததால் "வாசல் பெருக்கலாம்னு" என்றார். அதற்கடுத்த நாள் அவள் முந்திக்கொண்டாள். "எழுந்ததே எழுந்தீங்க, செடிக்குத் தண்ணி ஊத்திட்டுக் குப்பையையும் கொட்டிடுங்க." ரகசியத்தைக் காப்பாற்ற எல்லாவற்றையும் செய்தார். தரையில் ஒரு சொட்டு இல்லை. மனைவியும் தினம் குனிந்து டைல்ஸைப் பார்த்து, "பரவாயில்லையே, கெட்டிக்காரர்தான்" என்றாள். ஸ்பேனருக்குத் தலைகால் புரியவில்லை.

இடையில் ஒரு நாள் ஆபீசுக்குக் கிளம்பும்போது முகத்துக்குப் போடப் பவுடரைக் காணோம்.

"ஏம்மா, புது டப்பா எங்கே?"

"தீந்துடுச்சுங்க."

"முழு டப்பாவுமா?"

"வெயில் காலமாச்சே" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

பவுடரைவிடப் பெரிய புதிர் ஒன்று அவர் தலையைக் குடைந்துகொண்டிருந்தது. ஆயில் அளவு பார்க்கிற குச்சியை உருவினால் ஒரு மயிரிழைகூடக் குறையவில்லை. டின் தினமும் நிறைகிறது, இன்ஜினும் நிறைந்தே இருக்கிறது. கேனில் ஊற்ற ஊற்ற அதுவும் நிறைய மாட்டேன் என்கிறது. பக்கத்து வீட்டுப் பல் டாக்டரிடம் குரலைத் தாழ்த்தி, "சார், என் வண்டி ஆயிலைத் தானே உற்பத்தி பண்ணுது. அட்சயபாத்திரம்" என்றார். டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பல்லுல ஏதாவது இருந்தா வாங்க. இது நம்ம டிபார்ட்மெண்ட் இல்லை."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மச்சான் ஆளோடு வந்து சேர்ந்தான். பேண்ட் மடிப்புக் கலையாமல் டைல்ஸைப் பார்த்தான். சுத்தமாக இருந்தது. ஸ்பேனர் மீசையைத் தடவிக்கொண்டார். வாங்க வந்தவர் விவரமானவர். முழங்காலிட்டு அடியில் கையை விட்டார். டின் வெளியே வந்தது. அதில் கால்வாசி கறுப்பு எண்ணெய்.

"மாமா, இது என்ன?" என்றான் மச்சான்.

வண்டி கையைவிட்டுப் போகப்போகிறது என்றதும் ஸ்பேனருக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவி பக்கம் திரும்பி, டின் கட்டியது, திருட்டுத்தனமாக எழுந்தது, கேனில் ஊற்றியது, அட்சயபாத்திரம் வரை ஒப்பித்தார். "ஒழுகுதும்மா. ஆனா ஏன் குறையலைன்னு சத்தியமா எனக்குத் தெரியலை."

"வண்டி ஒழுகலைங்க" என்றாள் அவள் நிதானமாக. "செவ்வாய்க்கிழமையே நின்னுடுச்சு. நீங்க ஆபீஸ் போனப்புறம் இன்ஜினைத் துணியால நல்லாத் துடைச்சு, மேல பவுடரைத் தூவி, ஸ்டார்ட் பண்ணி விட்டேன். வெள்ளையில கறுப்பாக் கோடு போட்டுக் காமிச்சுக் குடுத்துடுச்சு. ஒழுகறது உச்சந்தலையில. மேல் மூடியில இருந்த கார்க் பட்டை நைஞ்சு போயிருந்துச்சு. நீங்க உள்ளங்கால்ல வைத்தியம் பார்த்துக்கிட்டிருந்தீங்க. புதுசு வாங்கி நானே மாட்டிட்டேன்."

"அப்ப டின்ல இருந்தது?"

"நீங்க காலைல கேன்ல ஊத்துவீங்க. நான் சாயங்காலம் அதுலேர்ந்தே எடுத்து டின்ல ஊத்துவேன்."

"எதுக்கும்மா?"

"ஒழுகறது நின்னுட்டா நீங்க எழுந்திருக்கிறதும் நின்னுடுமே."

வாங்க வந்தவர் சிரித்த சிரிப்பில் டின் கை நழுவிப் புது டைல்ஸில் கவிழ்ந்தது. அவள் அதற்குக்கூடக் கோபப்படவில்லை. "தம்பி, வண்டியைக் குடுக்கிறதா இல்லைடா" என்றாள். "இதுல நனைஞ்ச மாதிரி நான் வேற எதுலயும் நனைஞ்சதில்லை." ஸ்பேனருக்கு அவளை அங்கேயே கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. மச்சான் நின்றதால் ஜீப்பின் பானெட்டைத் தடவிக்கொடுத்தார்.

வண்டி தப்பித்தது, டின்னுக்கும் வேலை இல்லை. இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்று அன்று இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தார். விடியற்காலையில் தோளை யாரோ உலுக்கினார்கள்.

"என்னங்க, பின் சக்கரத்துப் பக்கம் என்னமோ சொட்டுற மாதிரி இருக்கு."

பிரேக் ஆயிலாக இருந்தால் விபரீதமாயிற்றே என்று அலறிப் புடைத்துக்கொண்டு ஓடினார். டார்ச் அடித்துப் பார்த்தார். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரை காய்ந்து கிடந்தது. அங்கே பால் வாங்கும் பையும் துடைப்பமும் ஒழுங்காகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. திரும்பி வந்தால் வீட்டுக் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது.

ஜன்னலிலிருந்து குரல் மட்டும் வந்தது. "வரும்போது ஒரு பவுடர் டப்பாவும் வாங்கிட்டு வந்துடுங்க."