வேப்பங்கட்டைக் கடிவாளம்

அடுத்தவர் வாய்க்கு எது இதம் என்று நாம் முடிவுகட்டப் போனால் அது நல்லபடியாக முடிவதில்லை. என் விஷயத்தில் அது செத்தவீட்டில் போய் முடிந்தது. (பேச்சுக்குச் சொல்லவில்லை. பந்தல், பறைமேளம், பாடை எல்லாம் இருந்த அசல் செத்தவீடு.)

போரும் பொருளாதாரத் தடையுமாய் யாழ்ப்பாணம் பெற்றோல் வாசனையை மறந்துகொண்டிருந்த காலம் அது. நாங்கள் புத்தூரில் இருந்தோம். அப்பா ரயில்வேயில் கார்ட்டாக இருந்து இளைப்பாறியவர். அவர் இளைப்பாறிக் கொஞ்ச நாளில் ரயிலும் இளைப்பாறிவிட்டது. அவர் பச்சைக்கொடி காட்டி அனுப்பிய தண்டவாளங்கள் பங்கர்களுக்குக் கூரையாகிவிட்டன. அதைப் பற்றி அவர் அதிகம் கதைப்பதில்லை. சீனி வருத்தக்காரர், நீரிழிவு. காலில் ஒரு சின்னப் புண் வந்தது. அது ஆறவில்லை. கறுத்தது, மணக்கத் தொடங்கியது.

பக்கத்து டிஸ்பென்சரி டொக்டர் ஒருநாள் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "உடனை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. பிந்தினால் கால் மிஞ்சாது" என்றார்.

பெரியாஸ்பத்திரி இருந்தது யாழ்ப்பாணப் பட்டணத்தில். அங்கே போவதென்றால் சைக்கிள்தான். காலைத் தொங்கப் போட்டால் அப்பாவுக்கு உயிர் போகும். மாட்டுவண்டிகள் எல்லாம் வெங்காயத்தையும் விறகையும் இடம்பெயர்ந்தவர்களின் சட்டிபானைகளையும் ஏற்றிக்கொண்டு திரிந்தன. எங்களிடம் மிஞ்சியிருந்தது ஒரு பழைய ஒற்றைமாட்டுத் திருக்கல் வண்டியும் ஒரு குதிரையும்.

குதிரை எங்கள் வீட்டுக்கு வந்தது அத்தானால். அவர் காட்டுக்குதிரைகள் மேயும் நெடுந்தீவைச் சேர்ந்தவர். கடற்பாதை திறந்திருந்த நாளில் ஒரு பெட்டைக் குதிரையை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார். பிறகு அக்காவையும் குதிரையையும் எங்களிடம் விட்டுவிட்டு ஜேர்மனிக்குப் போனார். (அக்காவுக்காவது கடிதம் வந்தது.) அப்பா குதிரைக்கு, ரயில் ஞாபகத்தில், 'மெயில்' என்று பெயர் வைத்திருந்தார். வளவுக்குள் கயிற்றைப் பிடித்தால் பின்னால் வரும். ஆனால் றோட்டு நிறையச் சைக்கிள். அங்கே வண்டியில் பூட்டி ஓட்டக் கயிறு காணாது, பிடிக்கப் போதாது, கடிவாளம் வேண்டும் என்று நான் சொன்னேன். நான் உயிரியல் படித்துக் கம்பஸ் அனுமதிக்குக் காத்திருந்தவன். தவளையை வெட்டிப் பார்த்தவனுக்குக் குதிரை எந்த மூலைக்கு?

அப்பா படுத்த படுக்கையிலேயே ஒரு நிபந்தனை போட்டார். "கயிறு காணும். இல்லை, கடிவாளம்தான் எண்டால் வாயைக் கிழிக்காததாய்ப் பார். அந்தச் சீவனை வதைச்சுக்கொண்டு நான் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டன்."

அப்பா சொன்னால் சொன்னதுதான். வாரைத் தைத்துவிடலாம். குதிரையின் வாய்க்குள் குறுக்கே போகிற துண்டுதான் பிரச்சினை. முதலில் பழைய சைக்கிள் செயினை வெட்டி எடுத்தேன். வளைந்து கொடுக்கிறது, ஆகவே மென்மையானது என்பது என் விஞ்ஞானம்.

அம்மா அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். "உன்ரை வாயிலை வைச்சுப் பார்" என்றார்.

வைத்தேன். வாரை இரண்டு பக்கமும் கொழுவி அக்கா பின்னாலிருந்து பிடித்தாள். மெதுவாக இழு என்றுதான் சொன்னேன். அந்தக் கிழமை ஜேர்மனியிலிருந்து கடிதம் வரவில்லை என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். கடைவாய் கிழிந்து எண்ணெயும் இரத்தமுமாய் நான் கையை ஆட்டிக்கொண்டு நிற்க, நெருப்புப்பெட்டி கேட்டு வந்த பக்கத்து வீட்டு மாமி படலையில் நின்று பார்த்துவிட்டு, கேட்காமலே திரும்பிப் போனார்.

அடுத்தது வாளியின் கம்பிப் பிடி. அது முன்பல்லில் ஒரு துண்டைக் கொண்டு போனது. (அந்த இடைவெளி இன்றும் இருக்கிறது. என் கலியாணப் படத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருப்பது அடக்கத்தால் அல்ல.)

அப்போதுதான் எனக்கு அந்த ஞானம் வந்தது. முற்றத்து வேம்பில் பச்சைக் கொப்பு ஒன்றை வெட்டினேன். பட்டையை உரித்து, உடைந்த போத்தல் ஓட்டால் வழுவழுவென்று சுரண்டினேன். தடிப்பு, உருண்டை, ஒரு கூரும் இல்லை. வாயில் வைத்து அக்காவை இழுக்கச் சொன்னேன். ஒரு நோவும் இல்லை. பற்பசை கிடைக்காத காலத்தில் காலையில் வேப்பங்குச்சி கடித்தே எழுகிற வாய் என் வாய். அதற்குக் கசப்பாவது ஒன்றாவது.

"எப்பிடி?" என்று அப்பா கேட்டார்.

"சோக்காய் இருக்கப்பா. பல்லுக்கும் நல்லது."

மறுநாள் விடிய வெளிக்கிட்டோம். வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் வெள்ளை வேட்டி விரித்து அப்பாவைப் படுக்க வைத்தோம். பத்தடி போவதற்குள் மெயில் தலையை உதறத் தொடங்கியது. நாக்கை வெளியே தள்ளியது. வாயால் நுரை வழிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"அவளுக்கு வாய் சரியில்லைப் போலை" என்றார் அப்பா.

"பழகீடும் அப்பா. பல்லு உறுதியாகும்."

"அவள் தன்ரை பல்லைப் பற்றி உன்னட்டை முறைப்பாடு சொன்னவளோ?"

நீர்வேலிக்குக் கிட்டப் போகும்போது ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டது. றோட்டிலிருந்த சனமெல்லாம் சைக்கிள்களைப் போட்டுவிட்டு வேலிக்கரையில் விழுந்து படுத்தது. அப்பாவால் படுக்கத்தான் முடியும், அவர் ஏற்கெனவே படுத்திருந்தார். நான் வாரை இறுக்கினேன். மெயில் பல்லைக் கடித்தது. மடக்கென்று ஒரு சத்தம். வேப்பங்கட்டை இரண்டாய் முறிந்து, ஒரு பாதி வாரோடு என் கைக்கு வந்தது. மற்றப் பாதியைத் துப்பிவிட்டுக் குதிரை பறந்தது.

நான் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன். என் பயம் முழுவதும் அப்பாவின் கால்தான். ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் பல்லைக் கடிப்பது கேட்டது. மெயில் ஒரு ஒழுங்கைக்குள் திரும்பி, திறந்திருந்த படலைக்குள்ளால் பாய்ந்து, ஒரு முற்றத்தில் போய் நின்றது. முற்றத்தில் வெள்ளைப் பந்தல். நடுவில் பாதி சோடித்த பாடை. இளம் குருத்தோலை தொங்கத் தொங்கக் கட்டியிருந்தார்கள். குதிரை வேறெதையும் பார்க்கவில்லை. வாயின் கசப்புப் போக அந்தக் குருத்தோலையைத் தின்னத் தொடங்கியது.

பறைமேளம் நின்றது. ஒப்பாரி நின்றது. வெள்ளை வேட்டிக்கு மேல் அசையாமல் கிடந்த அப்பாவைப் பார்த்து ஒரு பெரியவர் என்னிடம் மெல்லக் கேட்டார். "இவர் எப்ப தம்பி செத்தவர்?"

அப்பா எழுந்திருந்து கைகூப்பினார். "நான் இன்னும் இல்லை. பெரியாஸ்பத்திரிக்குப் போற வழி. குறை நினைக்காதேங்கோ."

யாரோ ஒருவர் என்னை அடிக்கத் தடியும் எடுத்துவிட்டார். (அடித்திருந்தால் நான் குறை சொல்லியிருக்கமாட்டேன்.) அப்போது செத்தவரின் மனைவி உள்ளேயிருந்து வந்தார். பாடையைப் பார்த்தார். குதிரையைப் பார்த்தார். பிறகு அப்பாவின் காலருகே வந்து குனிந்தார். அந்த மணம் அவருக்குத் தெரிந்திருந்தது.

"சீனிப் புண்ணோ?"

"ஓம், அம்மா."

"இவரும் உதிலைதான் போனவர்" என்றார். "கொண்டு போறதுக்கு ஒரு வாகனம் தேடித் தேடியே நாள் போயிட்டுது."

வாசலில் ஒரு லான்ட்மாஸ்டர், பெட்டி பூட்டிய சின்ன உழவு இயந்திரம், மண்ணெண்ணெய்ப் புகை கக்கிக்கொண்டு நின்றது. பெட்டியில் சுடலைக்குப் போக வேண்டிய விறகு. அந்த அம்மா தடியோடு நின்றவரிடம் சொன்னார். "முதல் இவரைக் கொண்டு போய் விட்டிட்டு வாங்கோ. எங்கடை ஆளுக்கு இனி அவசரமில்லை."

விறகை இறக்கக்கூட அவர் விடவில்லை, நேரம் போய்விடும் என்றார். விறகின்மேல் பாயை விரித்து அப்பாவை ஏற்றினார்கள். மெயிலை அந்த வீட்டு வேலியில் கட்டிவிட்டு நானும் தொற்றி ஏறினேன். கட்டை விறகின்மேல் சாய்ந்தபடி ஒரு மனிதர் போவதைக் கண்டு கோப்பாய்ச் சந்தியில் ஒருவர் சால்வையை எடுத்து இடுப்பில் கட்டி ஒதுங்கி நின்றார். அப்பா அவருக்குக் கை காட்டினார். பச்சைக்கொடி காட்டிய அதே கை. அந்த மனிதர் வேலியோடு போய் முட்டினார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கால்விரலை எடுத்தார்கள். இன்னும் பிந்தியிருந்தால் முழங்காலோடு போயிருக்கும் என்றார் டொக்டர். அப்பா கண் விழித்துச் சொன்ன முதல் வார்த்தை, "ரெண்டு பெட்டி கழட்டியாச்சு. இஞ்சின் ஓடும்."

அன்று பின்னேரம் நான் திரும்பிப் போய், வேறு குருத்தோலை வெட்டி, அந்தப் பாடையைச் சோடிக்க உதவினேன். யாரும் என்னோடு கதைக்கவில்லை. சுடலைவரை போனேன். பிறகு மெயிலைக் கழுத்துக் கயிற்றில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வழி முழுவதும் அது ஒரு ஆட்டுக்குட்டி மாதிரி வந்தது. கயிறு காணும் என்று அப்பா முதலே சொன்னவர்.

அப்பா அந்தக் காலோடு இன்னும் கொஞ்சக் காலம் நடந்தார். பிறகு ஒருநாள் நித்திரையில் போய்விட்டார். எங்கள் முற்றத்தில் பாடை சோடித்தவர், "ஓலை இவ்வளவும் காணுமோ?" என்று கேட்டார். காலையிலிருந்து ஒரு வார்த்தையும் பேசாமல், அழவும் அழாமல் இருந்த அம்மா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"ஒரு பக்கத்திலை கொஞ்சம் கூடத் தொங்க விடுங்கோ. குதிரை வரும்."

அக்கா சிரிக்கத் தொடங்கி அழுகையில் முடித்தாள். அம்மாவும் அப்போதுதான் அழுதார்.

இன்று எங்கள் ஆட்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். குடும்பத்தில் யாராவது தவறினால் தொலைபேசி ஊர் ஊராகப் போகும். எல்லாம் கேட்டு முடித்த பிறகு, வைப்பதற்கு முன், யாராவது ஒருவர் தணிந்த குரலில் கேட்பார்கள்.

"குதிரைக்கு அறிவிச்சாச்சோ?"