ஆம்ப்ரோஸ் டல்லின் இழுவை வளையம்

அமெரிக்காவின் விஸ்கான்சினில் எல்க் ஹாலோ பந்தயத் திடலில் அந்தச் சனிக்கிழமை காலை இரண்டு வரிசைகள் நின்றன. சாசேஜ் என்கிற இறைச்சிக் குழல் விற்கும் கடை முன்னால் பதினோரு பேர். ஆம்ப்ரோஸ் டல்லின் வெள்ளி நிற வேன் முன்னால் நூற்று இருபது பேர். வயிற்றுப் பசியைவிட நம்பிக்கைப் பசி பெரிது போலிருக்கிறது.

டல் மெக்கானிக் அல்ல. யாராவது அப்படிச் சொல்லிவிட்டால் அவருக்கு முகம் சுருங்கிவிடும். அவர் 'என்ஜின்களின் செவி'. கழுத்தில் டாக்டர்கள் மாட்டும் ஸ்டெதஸ்கோப். உடம்பில் மெக்கானிக் அங்கி. அதில் ஒரு சொட்டு எண்ணெய்க் கறை கிடையாது. கறை படாத மெக்கானிக் அங்கியைக் கண்டால் சந்தேகம் வர வேண்டும். கூட்டத்துக்குப் பக்தி வந்தது.

அவர் கொடுத்தது ஒரு செப்பு வளையம். என்ஜினுக்குக் காற்று போகும் குழாயில் அதை மாட்டினால் வண்டிக்கு இழுவை, அதாவது டார்க், கூடுமாம். வளையத்துக்கு விலை இல்லை, காணிக்கை மட்டும்தான். காணிக்கை இருநூறு டாலருக்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான்.

அங்கே ஓடும் வண்டிகளுக்கு முக்கியமான சட்டம் ஒன்று உண்டு. டைனோ என்கிற உருளை மேடையில் ஏற்றி அளந்தால், சக்கரத்தில் நூற்று நாற்பது குதிரைச் சக்திக்கு மேல் காட்டக் கூடாது. உச்சம் எல்லாருக்கும் ஒன்று என்றால் ஜெயிப்பது யார்? வளைவில் வேகம் குறைந்து மறுபடி கிளம்பும்போது யாருடைய வண்டி முதலில் முரட்டுத்தனமாக இழுக்கிறதோ அவர். குதிரைக்கு எல்லை உண்டு, இழுவைக்கு எல்லை இல்லை. ஆகவே அந்தத் திடலில் எல்லாரும் இழுவைப் பைத்தியங்கள்.

டெல்மர் ஸ்விட்டாலாவும் அதில் ஒருவர். வாரம் முழுக்க வீடு சூடாக்கும் உலைகளைப் பழுதுபார்ப்பார். சனிக்கிழமை வந்தால் பழைய ஜப்பானியக் கார் ஒன்றைப் பந்தயத்தில் ஓட்டுவார். அதன் என்ஜினைக் கட்டியவர் அவர் மனைவி லோர்னா. பனிக்காலம் முழுவதும் கொட்டகையில் உட்கார்ந்து கட்டினார். காற்றுக்குழாயை நீளமாக, ஒடுக்கமாகச் செய்தார். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டுகளில், மேல்வேகத்தில் மட்டும் துள்ளும் கேமைக் கழற்றிவிட்டு, நடுவேகத்தில் சிலிண்டரை நன்றாக நிரப்பும் கேமைப் போட்டார். சிலிண்டரின் இறுக்கத்தைக் கூட்டினார். நூற்று நாற்பதைத் தொட்டதும் என்ஜின் மூச்சை அடக்கிக்கொள்ளும்படி கணினியில் கட்டளை வைத்தார். மற்றவர்களின் சக்தி வரைபடம் மலை உச்சி மாதிரி ஒரு நொடி ஏறி இறங்கும். லோர்னாவின் வரைபடம் தோசைக்கல் மாதிரி தட்டையாக நின்றது.

ஆனால் ஏப்ரல் பந்தயத்தில் டெல்மர் ஒரே ஒரு நொடி வித்தியாசத்தில் தோற்றுவிட்டார். வளைவில் பிரேக்கைச் சீக்கிரம் மிதித்தது அவர் கால்தான். ஆனால் கால்மேல் பழி போட யாருக்கு மனசு வரும்? வரிசையில் போய் நின்றுவிட்டார்.

முறை வந்தது. முதலில் டல், டெல்மரின் காரை டைனோவில் ஓடவிட்டார். இழுவை நூற்று இருபத்தொன்று. பிறகு வளையத்தை மாட்டினார்.

"இப்ப என்ஜின்கிட்ட மன்னிப்புக் கேளுங்க, சகோதரரே. இருபது நிமிஷம். என்ஜின் ஓடிக்கிட்டே இருக்கட்டும். அது கேக்கணும்."

அங்கே இது புதிதல்ல. காலையிலிருந்து வளர்ந்த ஆண்கள் பானெட்டுக்குள் தலையை விட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்கள். டெல்மரும் தலையை விட்டார்.

"போன வருஷம் உனக்கு மலிவு எண்ணெய் ஊத்தினேன். தப்புதான். தோத்தப்போ டயரை உதைச்சேன். அதுவும் தப்பு." மூக்கை உறிஞ்சினார். "மாமனார் கொடுத்த படகை வித்துத்தான் உனக்கு டயர் வாங்கினேன். லோர்னாகிட்ட திருடு போச்சுன்னு சொல்லிட்டேன்."

"ஓ," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

டெல்மரின் தலை பானெட்டில் இடித்தது. லோர்னா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நல்ல வேளையாக இருபது நிமிடம் முடிந்தது. மறுபடி அளந்தார்கள். நூற்று இருபத்தேழு. கூட்டம் கைதட்டியது. ஒருவர் தன் புல்வெட்டும் எந்திரத்துக்கு வளையம் மாட்டியதாகவும், அது இப்போது பக்கத்து வீட்டுப் புல்லையும் வெட்டத் துடிப்பதாகவும் சொன்னார். இன்னொருவர் வீட்டு ஐஸ்பெட்டியில் மாட்டியிருந்தார்; ஐஸ் முன்னைவிடக் கெட்டியாக இருக்கிறதாம். வளையம் மாட்டிய பிறகு நூற்று நாற்பத்து மூன்று குதிரைச் சக்தி காட்டி, பந்தயத்திலிருந்து விலக்கப்பட்ட ஒரு ஆளும் கூட்டத்தில் இருந்தார். "நீங்க மன்னிப்பை முழு மனசோட கேக்கலை," என்று டல் அவருக்கு விளக்கம் சொல்லியிருந்தார். அந்த ஆள் முழு மனதோடு கேட்க மறுபடி வரிசையில் நின்றார்.

லோர்னா கைதட்டவில்லை. காரின் அடியில் காதை வைத்துக் கேட்டார்.

"கீழ தட்டுது, டெல்மர். பேரிங் தேயுது. ரெண்டு மணிப் பந்தயத்துக்கு இதை எடுத்துட்டுப் போகாத. நான் பிரிச்சுப் பாக்கணும்."

டல் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். கண்ணை மூடினார். புன்னகைத்தார்.

"பேரிங் இல்ல, சகோதரி. இழுவை கதவைத் தட்டுது. பிறக்கப் போகுது."

"அது பிறந்தா இவரு ஆஸ்பத்திரியில படுப்பாரு."

"லோர்னா, ஆறு கூடியிருக்கு. மிஷின் பொய் சொல்லுமா?" என்றார் டெல்மர்.

"மிஷின் பொய் சொல்லாது. மிஷின் கிட்ட எப்ப கேக்கறோங்கறதுலதான் இருக்கு." லோர்னா மணி பார்த்தார். பதினொன்றரை. "சரி, ஒரு பந்தயம். இவரோட வளையம் வேற ஒரு வண்டியில வேலை செஞ்சா, நீ போய் ஓட்டு. நான் வாயைத் திறக்க மாட்டேன். இல்லேன்னா சாவி எனக்கு."

கூட்டத்தின் முன்னால் டெல்மரால் மறுக்க முடியவில்லை. டல்லாலும் முடியவில்லை. நூற்று இருபது பேர் தலையாட்டும்போது தீர்க்கதரிசியின் தலையும் ஆடித்தானே ஆக வேண்டும்.

திடலின் விதிமுறைப் பரிசோதகர் ஓஸ்வால்ட் ஃபென்ஸ்கி. அறுபது வயது. சிரித்து யாரும் பார்த்ததில்லை. குப்பைப் பீப்பாய் சுமக்கும் துருப்பிடித்த பிக்கப் வண்டி ஒன்று அவரிடம் இருந்தது.

"இன்னிக்கு இதைக் கிளப்பினீங்களா?" என்று கேட்டார் லோர்னா.

"நேத்து சாயங்காலம் நிறுத்தினது. குப்பை இன்னும் சேரலை."

"அதுதான் வேணும்."

டல்லின் முறைப்படியே எல்லாம் நடக்கும் என்று லோர்னா சொன்னார். ஒரே ஒரு வித்தியாசம்: வளையம் திறந்திருக்காது, தகர டப்பாவுக்குள் இருக்கும். டல்லின் கையிலிருந்து புது வளையம் ஒன்றை வாங்கிக்கொண்டு, ஃபென்ஸ்கியோடு அலுவலகக் கொட்டகைக்குப் பின்னால் போனார். டேப் சுற்றிய டப்பாவோடு இருவரும் திரும்பி வந்தார்கள்.

முதல் ஓட்டம். இழுவை நூற்று அறுபத்து மூன்று. டப்பாவைக் காற்றுக்குழாயில் கட்டினார்கள். ஃபென்ஸ்கி பானெட்டுக்குள் தலையை விட்டார்.

"உன்மேல குப்பை ஏத்தறேன். நாளைக்கும் ஏத்துவேன். வேற வழியில்ல."

மீதிப் பத்தொன்பதரை நிமிடம் அவர் எதுவும் பேசவில்லை. என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மறுபடி அளந்தார்கள்.

நூற்று எழுபத்தொன்று.

கூட்டம் ஊளையிட்டது. டெல்மர் இரண்டு கையையும் தூக்கினார். டல் டப்பாமேல் கை வைத்துக் கண்ணை மூடினார்.

"கேக்குது. வளையம் பாடுது. குப்பை வண்டியா இருந்தா என்ன, செம்பு பேதம் பாக்கறதில்ல. எட்டு கூட்டியிருக்கு. சகோதரி, இப்பவாவது நம்புங்க."

"டப்பாக்குள்ள பாடறது வளையம்தானே? நல்லாக் கேட்டுச் சொல்லுங்க."

"இதுகூடத் தெரியாமலா என்னைச் செவின்னு கூப்பிடறாங்க?"

"ஃபென்ஸ்கி, திறங்க."

ஃபென்ஸ்கி டேப்பைக் கிழித்து டப்பாவைத் திறந்தார். உள்ளே ஒரு சாசேஜ் இருந்தது. பாதி கடித்தது. கடுகுச் சாந்து தடவியது.

"என்னோடது," என்றார் ஃபென்ஸ்கி. "காலைச் சாப்பாடு."

கூட்டம் எட்டிப் பார்த்தது. சாசேஜிலிருந்து சாந்து சொட்டியது.

"வளையம் எங்க?" என்று கேட்டார் ஐஸ்பெட்டிக்காரர்.

லோர்னா திடலின் ஓரத்தைக் காட்டினார். அங்கே நீல நிறப் பிளாஸ்டிக் கழிப்பறை நின்றது. "அதுக்குள்ள, ஆணியில தொங்குது."

டல் சுதாரித்துக்கொண்டார். "செம்போட அதிர்வு தூரத்துல இருந்தும் வேலை செய்யும். இது நான் வழக்கமா வெளிய சொல்றதில்ல."

"அப்ப இப்ப அங்க உள்ள போயிருக்கற ஆள் வெளிய வரட்டும்," என்றார் ஃபென்ஸ்கி. "இழுவை எப்படி இருக்குன்னு கேப்போம்."

அந்த ஆள் பெல்ட்டை மாட்டிக்கொண்டே வெளியே வந்தார். நூறு பேர் தன்னையே உற்றுப் பார்ப்பதைக் கண்டு திரும்ப உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

லோர்னா டப்பாவையும் கழற்றிக் கீழே வைத்தார். ஆளை விட்டுக் கழிப்பறை வளையத்தை எடுத்துவரச் சொல்லி, அதை டல்லின் வேனுக்குள் போடச் செய்து, வேனைத் திடலின் வாசல்வரை தள்ளி நிறுத்த வைத்தார். பிக்கப்பை மூன்றாவது தடவை ஓடவிட்டார்கள். எதுவும் மாட்டவில்லை. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

நூற்று எழுபத்தொன்று.

"இப்ப வளையமும் இல்ல, சாசேஜும் இல்ல," என்றார் லோர்னா. "ஆறிக் கிடந்த வண்டியில எண்ணெய் தேன் மாதிரி கெட்டியா இருக்கும். என்ஜின்ல, கியர்ல எல்லாம் பிடிச்சு இழுக்கும். இருபது நிமிஷம் ஓடினா சூடாகி இளகிடும். இவரு முதல்ல ஆறின வண்டியை அளந்தாரு. அப்புறம் சூடான வண்டியை அளந்தாரு. நடுவுல உங்களை அழ வெச்சாரு. அழுகைக்குத்தான் இருநூறு டாலர்."

டெல்மருக்குக் காது சுட்டது. வியாழக்கிழமைதான் ஒரு வயதான தம்பதியிடம் அவர் சொல்லிவிட்டு வந்திருந்தார்: உலையை மூட்டின உடனே வீட்டுச் சூட்டை அளக்காதீங்க, அரை மணி விட்டு அளங்க. பதினெட்டு வருடமாக எல்லா வீட்டிலும் சொல்கிற வார்த்தை. உலைக்குத் தெரிந்தது என்ஜினுக்கு மறந்துபோயிருந்தது. மறந்துபோகவில்லை, ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை அதன்மேல் உட்கார்ந்திருந்தது. சாவியை லோர்னாவின் கையில் வைத்தார்.

நூற்று நாற்பத்து மூன்றுக்காரர் மட்டும் டல்லை நோக்கி நடந்தார். முழு மனதோடு நடந்தார். டல் வாசலுக்கு ஓடி வேனில் ஏறிச் சாவியைத் திருகினார். வேன் இருமியது. கிளம்பவில்லை.

"மன்னிப்புக் கேட்டுப் பாருங்க," என்று யாரோ கத்தினார்கள்.

கடைசியில் ஃபென்ஸ்கிதான் கயிறு கட்டி, குப்பை பிக்கப்பால் வேனை நெடுஞ்சாலைவரை இழுத்துக்கொண்டு போய் விட்டார். நூற்று எழுபத்தொன்று இழுவைக்கு அது ஒரு பாரமே இல்லை. வாங்கிய காணிக்கையைக் கூட்டம் அதற்குமுன் வேனிலிருந்து எடுத்துக்கொண்டது.

இரண்டு மணிக்குப் பந்தயம் கிளம்பும் சத்தம் கேட்டபோது டெல்மரும் லோர்னாவும் காரின் அடியில் படுத்திருந்தார்கள். எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினார் லோர்னா. பழைய எண்ணெய் பொன்தூள் கலந்ததுபோல மினுங்கியது. மூன்றாவது பேரிங்கைக் கழற்றிக் கணவரின் உள்ளங்கையில் வைத்தார். மேற்பூச்சு முழுக்கத் தேய்ந்து, அடியிலிருந்த செம்பு தெரிந்தது.

"மூணு சுத்து தாங்கியிருக்கும்," என்றார். "நாலாவது சுத்துல நீளமான நேர்பாதையில பிஸ்டன் ராடு என்ஜினை உடைச்சுக்கிட்டு வெளிய வந்திருக்கும். எண்ணெய் உன் பின்டயர்ல கொட்டியிருக்கும்."

டெல்மர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். 

"லோர்னா, அந்தப் படகு..."

"அதை வீட்டுல பேசலாம். இருபது நிமிஷம் பத்தாது."

அப்போது காருக்கு வெளியே இரண்டு பூட்ஸ் கால்கள் வந்து நின்றன. ஐஸ்பெட்டிக்காரர் குனிந்தார்.

"ஒரு சந்தேகம்மா. அந்தச் சாசேஜ், வேக வெச்சதா, சுட்டதா? வண்டிக்கு எது நல்லது?"

லோர்னா காருக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை.

"சுட்டது. வண்டியில மாட்டாதீங்க, வாயில போடுங்க. மென்னுக்கிட்டிருக்கற நேரத்துல மூளைக்குக் கொஞ்சம் வேலை கொடுங்க. அதுக்கு நூத்து நாப்பதுங்கற எல்லையெல்லாம் கிடையாது."

அவர் தலையாட்டிவிட்டுப் போய் இரண்டு சாசேஜ் வாங்கினார். ஒன்றைத் தின்றார். இன்னொன்றை எங்கே மாட்டினார் என்று நாம் விசாரிக்க வேண்டாம். நம் வீட்டு வாசலில் என்ன தொங்குகிறது என்று ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் போதும்.