லைன் கட்டாகிவிட்டது என்று நான் சொன்ன நாள்

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் இப்படி ஒருவன் இருந்தால், மிக்ஸி நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள், தண்ணீர் மோட்டார் ஓடாவிட்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவனும் கூச்சமே இல்லாமல் போய், இடுப்பில் கைவைத்து நின்று, "ம்ம்" என்பான். நான்கு வருடப் படிப்பில் நான் உருப்படியாகக் கற்றது அந்த "ம்ம்" ஒன்றைத்தான்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. காரைக்குடி வீட்டில் வேலை தேடிக்கொண்டிருந்தேன். (அதாவது பத்து மணிவரை தூங்கிக்கொண்டிருந்தேன்.) என் அக்கா உமையாள் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போய், மூன்றாவதாகச் சிங்கப்பூரிலிருந்து ஒன்று வந்திருந்தது. இதுவும் போனால் ஊர் என்ன பேசும் என்று ஆத்தாவுக்குக் கவலை. (எங்கள் வீடுகளில் அம்மா ஆத்தா, அப்பா அப்பச்சி, அக்கா ஆச்சி. வெளியூர் நண்பர்கள் நான் ஆச்சி என்றதும் எண்பது வயதுப் பாட்டியைத் தேடுவார்கள்.)

முதலில் வீடியோவில் பார்ப்போம், பிடித்தால் நேரில் வருகிறோம் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். எல்லோர் கண்ணும் என் மேலும் என் லேப்டாப் மேலும் திரும்பியது. நான் "ம்ம்" என்றேன்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தை மறைத்துவிட்டேன். அந்த லேப்டாப்பின் திரை இரண்டு வாரமாகவே கண்ணடித்துக்கொண்டிருந்தது. காரணம் எனக்குத் தெரியும். ஒரு வருடமாக மல்லாக்கப் படுத்து, அதை வயிற்றில் நிறுத்தி, மூடியின் ஒரே மூலையைப் பிடித்துத் தூக்கிப் படம் பார்த்தால் அது வேறென்ன செய்யும்? மூடியை ஒரு குறிப்பிட்ட சாய்வில் நிறுத்தினால் திரை ஒழுங்காக இருக்கும். ஒரு விரல்கடை அசைந்தாலும் போயிற்று. இதை வெளியே சொன்னால் திட்டு விழும். ஆகவே ஆச்சியின் கல்யாணத்தை அந்த ஒரு விரல்கடையை நம்பி ஒப்படைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, முகப்பில் ஜமக்காளம் விரித்தாயிற்று. லேப்டாப்பை ஸ்டூலில் வைத்தேன். ஆத்தா பதறிவிட்டாள்.

"சம்பந்தம் பேச வாரவுகளை ஸ்டூல்லயா உக்கார வைப்பாக? தூக்குடா!"

அப்பச்சியின் பெரிய நாற்காலி வந்தது. அதில் மெத்தை, மெத்தைக்கு மேல் பட்டுத்துணி, பட்டுத்துணிக்கு மேல் லேப்டாப். அதற்கு முன்னால் டீப்பாயில் கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம், சீப்புச் சீடை, மாவுருண்டை, ஒரு செம்பு தண்ணீர். வந்தவர்கள் சிங்கப்பூரில் இருந்தாலும் வெறும் டீப்பாயைக் காட்டுவது எங்கள் பழக்கமில்லை. அப்பச்சிக்குச் சர்க்கரை உண்டு. "அது அவுகளுக்கு, கை வைக்காதீக" என்று ஆத்தா எச்சரித்தாள். யார் சாப்பிடப்போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

அழைப்பு வந்தது. மாப்பிள்ளை சொக்கலிங்கம் நடுவில், இரண்டு பக்கமும் அவருடைய பெற்றோர். பேசியதெல்லாம் அவருடைய அம்மாதான். எங்கள் பக்கம் பேசியது அம்மான், அதாவது ஆத்தாவின் தம்பி. ஆச்சி ஜமக்காளத்தின் கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு அங்குட்டு வந்து வேலைக்கெல்லாம் போகவேணாம். எங்க வீட்டுல அப்படிப் பழக்கமில்ல. வீட்டைப் பாத்துக்கிட்டாப் போதும்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

ஆச்சியின் தலை இன்னும் கொஞ்சம் குனிந்தது. அந்த நேரம் பார்த்து ஆத்தா, பெண்ணின் முகம் நன்றாகத் தெரியட்டும் என்று மூடியைக் கொஞ்சம் நிமிர்த்தினாள்.

திரை வெட்ட ஆரம்பித்தது.

"வோல்டேஜ் இல்ல" என்றார் அப்பச்சி. ஆத்தா ஃபேனை நிறுத்தினாள். அம்மான் எழுந்துவந்து மூடியின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். (அவர் வீட்டுப் பழைய டிவி அதற்குக் கட்டுப்படுமாம்.) நான் எல்லோரையும் விலக்கிவிட்டு, நிபுணனாக முன்னால் போய், மேல்வரிசைப் பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்தினேன். வெளிச்சம் கூட்டுவது எது என்று தெரிந்தால்தானே ஒன்றை மட்டும் அழுத்த? திரை ஒரேயடியாகக் கறுத்தது. சத்தமும் நின்றது.

"என்னடா ஆச்சு?"

"லைன் கட்டாயிருச்சு" என்றேன்.

"அவுகளுக்கு நாம தெரியுறோமா?" என்று கேட்டார் அம்மான். நல்ல கேள்வி. கேட்ட இடம்தான் சரியில்லை.

"நமக்கே தெரியல, அவுகளுக்கு எப்படித் தெரியும்? கம்ப்யூட்டர் படிச்சது நீங்களா, நானா?"

அவ்வளவுதான். எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

"போட்டோவுல இருந்த முடியில பாதியக் காணமே" என்றாள் ஆத்தா.

"மாப்பிள்ளையோட அப்பா உக்காந்தபடியே தூங்குறாரு" என்றார் அம்மான்.

அப்பச்சி கந்தரப்பத்தை எடுத்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். தோளில் கிடந்த துண்டை முந்தானையாகப் போர்த்திக்கொண்டு, லேப்டாப்புக்கு நேர் எதிரே நின்று, கழுத்தை வெட்டி, "எங்க வீட்டுல அப்படிப் பழக்கமில்ல" என்று மாப்பிள்ளையின் அம்மா குரலில் பேசிக்காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். உற்சாகத்தில் இரண்டாம் முறையும் பேசினேன்.

ஆச்சி மட்டும் சிரிக்கவில்லை.

"அப்பச்சி, இப்பவே சொல்லிர்றேன். வீட்டைப் பாத்துக்கிட்டு இருன்னா, செவுத்தையா பாத்துக்கிட்டு இருக்கிறது? நான் வேலைய விடமாட்டேன். அவுகம்மா சொல்றாக, அந்த மனுசன் வாயே தொறக்கல. நீங்க தலைகுனிஞ்சு இருன்னீக, இருந்தேன். ஆனா இதுக்குச் சரின்னு சொல்லமாட்டேன். போகுதுன்னா இதுவும் போகட்டும்."

அவள் அப்படிப் பேசி நாங்கள் யாரும் கேட்டதில்லை. அப்பச்சி கையில் பாதிக் கந்தரப்பத்துடன் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அம்மானின் போன் அடித்தது. சிங்கப்பூர் எண். லைன் கட்டானதால் கூப்பிடுகிறார்கள் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"நான் சொக்கலிங்கம் பேசுறேங்க" என்றது போன். "லைன் கட்டாகல. எங்களுக்கு எல்லாம் நல்லாத் தெரியுது, நல்லாக் கேக்குது. நாங்க கத்துறதுதான் உங்களுக்குக் கேக்கல போல."

பூமி பிளந்து என்னை விழுங்கவில்லை. துண்டு இன்னும் முந்தானையாகவே இருந்தது.

"அந்தப் போட்டோ மூணு வருசம் முந்தி எடுத்ததுங்க. தப்புத்தான்" என்றார் அவர். பின்னாலிருந்து அவருடைய அம்மாவின் குரல் வந்தது: "கந்தரப்பம் நல்லா வந்திருக்கு போல. நாலாவது ஓடுது." ஆத்தா திரும்பி அப்பச்சியைப் பார்த்தாள்.

"இன்னொண்ணு. நான் வாயத் தொறக்காததும் தப்புத்தான். அவுக வேலைக்குப் போகட்டும். எங்கம்மாவை வச்சுக்கிட்டேதான் சொல்றேன்."

ஆச்சி அன்றைக்கு முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி, அந்தக் கறுத்த திரையை நேராகப் பார்த்தாள்.

"கேட்டுச்சு. அப்ப நேர்ல வாங்க, பேசுவோம்."

வந்தார்கள், பேசினார்கள், கல்யாணமும் நடந்தது. ஆச்சி இப்போது சிங்கப்பூரில் கணக்கு டீச்சர். திரை ஒழுங்காக இருந்திருந்தால் சரி என்று தலையாட்டிவிட்டு வாழ்நாள் முழுக்க வருந்தியிருப்பேன் என்று ஒருமுறை அவளே சொன்னாள். ஆக, அந்தக் கல்யாணத்தை நடத்திவைத்தது நான்தான். இதற்கு யாராவது நன்றி சொன்னார்களா? கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அம்மா என்னை நூறு பேருக்கு முன்னால் கூப்பிட்டு, "தம்பி, எங்க, நான் பேசுற மாதிரி பேசிக்காட்டுங்க" என்றார். பேசினேன். வேறு வழி?

லேப்டாப்பைப் பழுதுபார்த்தவர், மூடிக்கும் உடம்புக்கும் நடுவே போகும் வயர் நைந்திருக்கிறது என்று மாற்றிக்கொடுத்தார். கூடவே, "சத்தத்தை நீங்களே அமுக்கி வச்சிருக்கீக" என்று ஒரு பட்டனையும் காட்டினார்.

போன மாதம் ஊருக்குப் போகும்போது புது லேப்டாப் வாங்கிப் போயிருந்தேன். அதை மேசையில் வைத்தேன். ஆத்தா அடுத்த வீட்டுச் சங்கதி ஒன்றை ஆரம்பிக்கப் போனவள், சட்டென்று நிறுத்தி எழுந்தாள். கொடியிலிருந்து துண்டை உருவிவந்து, லேப்டாப்பை நான்கு பக்கமும் நன்றாகப் போர்த்திவிட்டு, அப்புறம்தான் உட்கார்ந்து பேசினாள்.

நான் இன்னும் அட்டைப்பெட்டியையே பிரிக்கவில்லை.